வட்டமாக வராத பிளேட்

சென்ற மாதம் வசந்தா போன் செய்தாள். என்னோடு பல வருஷம் வேலை பார்த்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறாள்.

"அண்ணே, மெஷின் வந்துடுச்சு. இனிமே பிளேட்டு, ஸ்கேலு ஒண்ணும் கெடையாது. அலமாரிய காலி பண்றோம். உங்க வட்ட ஸ்டாம்ப்பு ஒண்ணு கெடக்குது. எறிஞ்சுடட்டுமா, எடுத்து வெக்கட்டுமா?"

"எறிஞ்சுடும்மா" என்றேன்.

"இன்னா அண்ணே, பட்டுன்னு சொல்லிட்டீங்க? டிபார்ட்மெண்ட் மலர் ஒண்ணு போடறோம். பழைய ஆளுங்க ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தரணும். நீங்க பிளேட்டு போடற அழகப் பத்தி எழுதுங்க. அதத்தான் புதுப் பிள்ளைங்ககிட்ட இன்னும் சொல்லிக்கினு இருக்கோம்."

அழகைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு மலரில் போடுவார்களோ, ஓரமாக வைத்துவிடுவார்களோ, அது அவர்கள் பாடு.

எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று தானாகவே சொல்லிவிடும் அந்த மெஷின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றவன் பேனாவை எடுத்தாலே "எங்கள் காலம் மாதிரி வருமா" என்று புலம்புவான் என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் காலத்தில் நான் செய்த காரியத்தை அந்த மெஷின் செய்யாது. அதற்கு அழகு பார்க்கத் தெரியாது. அது தெரியாமல் இருப்பதே நல்லது.

என் பெயர் கலியபெருமாள். வீடு நெல்லித்தோப்பு. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. இரண்டு வருஷம் டிப்ளமா படித்தேன், ஒரு வருஷம் சம்பளமில்லாமல் டெஸ்ட் டியூப் கழுவினேன், பிறகு வேலையில் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் அதே கட்டடத்தில் கிருமிகளோடு குடித்தனம் நடத்தினேன்.

நான் செய்த வேலையை நாலு வரியில் சொல்லலாம். சீழோ சிறுநீரோ ரத்தமோ வரும். முதல் நாள் அதிலிருக்கும் கிருமியை வளர்க்க வேண்டும். இரண்டாம் நாள் அந்தக் கிருமியை உப்புநீரில் கலக்கி, பஞ்சுக் குச்சியால் ஒரு வட்டத் தட்டு முழுக்கச் சீராகப் பூச வேண்டும். அந்தத் தட்டைத்தான் பிளேட் என்போம். அதன்மேல் மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை, டிஸ்க் என்போம், இடம் பார்த்து வைக்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பிளேட் முழுக்கக் கிருமி பாலாடை போலப் படர்ந்திருக்கும். எந்த மருந்து வேலை செய்கிறதோ அந்த டிஸ்க்கைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். வட்டத்தை அளக்க வேண்டும். போதிய அளவு இருந்தால் ரிப்போர்ட்டில் S என்று எழுதுவோம், அந்த மருந்துக்கு நோய் கேட்கும். இல்லையென்றால் R, கேட்காது. இந்த ஓர் எழுத்தைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுவார்.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் ஜோசபின். பழைய புதுச்சேரிக் குடும்பம். அண்ணன் தம்பி எல்லாரும் பிரான்சில். இவர் மட்டும் போகவில்லை. மற்ற பெண் டாக்டர்களை மேடம் என்று கூப்பிடுவோம், இவரை மட்டும் மதாம். கடைநிலை ஊழியர் வரைக்கும் எல்லாரையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவார். புடவைத் தலைப்பால் ஒரு பக்கம் துடைப்பார், மறுபக்கம் துடைப்பார், திரும்ப மாட்டிக்கொண்டு நம்மைப் பார்ப்பார். அதற்குள் நமக்குப் பாதி உயிர் போய்விடும்.

பிளேட் படிப்பதை அவர் ஒரு பூசை போல வைத்திருந்தார். காலை ஒன்பது மணிக்கு ஜன்னலோரம் மேசை. மேசைமேல் கறுப்புத் துணி. துணிமேல் பிளேட்டைக் கவிழ்த்து வைத்து, வெர்னியர் அளவுகோலால் வட்டத்தை இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை அளக்க வேண்டும். ஒருவர் அளந்து சத்தமாகச் சொல்ல வேண்டும், இன்னொருவர் அதையே சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். தனியாகப் படிக்கக் கூடாது. எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பிளேட்டுக்கும் நோட்டில் வட்ட ஸ்டாம்ப் ஒன்று குத்தி, அதற்குள் டிஸ்க் இருந்த இடங்களையும் வட்டங்களையும் பென்சிலால் வரைய வேண்டும்.

"பாத்தத வரைங்க. நெனச்சத வரையாதீங்க" என்பார்.

நாங்கள் அவசரப்பட்டால் "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். மெதுவாக என்று பிரெஞ்சில் அர்த்தம். வேலையில் சேர்ந்த புதிதில் ஏதோ கிருமியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், குணம் தெரிந்த கிருமி ஒன்றை வைத்து நாங்கள் வழக்கமாகச் செய்யும் சோதனையில் வட்டம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்து வந்தது. அன்றைய ரிப்போர்ட் முழுவதையும் மதாம் நிறுத்தி வைத்துவிட்டார். வார்டிலிருந்து போன்மேல் போன். கத்திய ஒரு பெரிய டாக்டரிடம், "தப்பா இன்னிக்குத் தர்றதவிட சரியா நாளைக்குத் தர்றோம் டாக்டர்" என்று சொல்லி வைத்தார். பிறகு பார்த்தால், ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த டிஸ்க் டப்பாவைக் குளிர் அடங்கும் முன்பே யாரோ திறந்திருக்கிறார்கள், ஈரம் கோத்துவிட்டது. அந்த யாரோ நான்தான். அன்றே ஒப்புக்கொண்டேன். அவரும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "சரி, சொன்னீங்களே" என்றார், அவ்வளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவரிடம் தப்பை ஒப்புக்கொள்வது அத்தனை கஷ்டமான காரியமில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

இனி என் அழகு. ஒரு பிளேட்டில் ஆறு டிஸ்க் வைப்போம். மற்றவர்கள் கண்மதிப்பாக வைப்பார்கள், ஒன்று விளிம்பில் ஏறும், இரண்டு வட்டங்கள் ஒட்டிக்கொண்டு எட்டு மாதிரி ஆகிவிடும். நான் ஓர் அட்டையை வட்டமாக வெட்டி, அதில் ஆறு புள்ளி குறித்து, பிளேட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வேன். எந்தப் புள்ளியில் எந்த மருந்து என்பதையும் முடிவு செய்து வைத்திருந்தேன். பெரிய வட்டம் விடும் மருந்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பேன். எரித்ரோமைசின் ஒரு கோடியில் என்றால் கிளின்டாமைசின் மறுகோடியில். மறுநாள் பார்த்தால் ஆறும் தனித்தனியாக, அப்படியே கோலம் போட்ட மாதிரி இருக்கும். மதாம் மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். 'இதோ' என்பது அவர் வாயில் பிரெஞ்சில் 'வொலா' என்றுதான் வரும்.

"வொலா! இது கலியபெருமாள் பிளேட். பூசணும்னா இப்படிப் பூசணும்."

எனக்குத் தலைகால் புரியாது. அன்றைக்கு நெல்லித்தோப்பு வரை சைக்கிளில் காற்றாகப் பறப்பேன்.

சுனாமி வந்து ஒரு வருஷம் கழிந்திருந்தது. கடலோரத்து மக்கள் பலர் இன்னும் தகரக் கொட்டகைகளில்தான் இருந்தார்கள். அப்படி ஒரு கொட்டகையிலிருந்து வந்தவள் அஞ்சலாட்சி. தவளக்குப்பம் பக்கத்துக் கடலோரக் கிராமம். நாற்பது வயதிருக்கும். கூரைத் தகரத்திலிருந்து விழுந்த ஆணி குதிகாலில் ஏறி, அதைக் கவனிக்காமல் விட்டு, புண் எலும்புவரை போய்விட்டிருந்தது.

நான் அவளைப் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. எங்களுக்கு நோயாளி என்றால் ஒரு நம்பர். ஆனால் வார்டு அட்டெண்டர் கொண்டுவந்த பஞ்சுக் குச்சி காய்ந்து போயிருந்தது. சாம்பிள் சரியில்லையென்றால் நாமே போய் எடுக்க வேண்டும் என்பது மதாம் வைத்த சட்டம். போனேன். புண்ணுக்குள் ஆழமாகக் குச்சியை விட்டேன். புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, சத்தமே போடாமல் தாங்கினாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிச்சா வலிக்கட்டும் சார். நல்லா ஆழமா எடுத்துக்கோங்க. என் காலுதான் சார் எனக்குக் கடை. கூடையத் தூக்கிக்கினு தெருத் தெருவா நடந்தாத்தான் மீனு விக்கும். வூட்டுக்காரரு போட்டு போனதுலேர்ந்து கடலுக்குப் போவாம குந்திக்கினு கீறாரு. நான் நடந்தாத்தான் அடுப்பு எரியும்."

போட்டு என்றால் படகு. சுனாமியில் போனது. கட்டிலின் காலடியில் அவள் புருஷன் நின்றிருந்தான். அவளைப் பேசவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறுவை சிகிச்சை டாக்டர் அங்கேயே என்னிடம் சொன்னார்: "இவங்களுக்குப் பென்சிலின் வகை ஒத்துக்கல, உடம்பெல்லாம் தடிச்சுடுச்சு. கிளின்டாமைசின் கேக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. கேட்டா மாத்திரையோட வீட்டுக்கு அனுப்பிடலாம். இல்லன்னா வார்டுலயே வெச்சு ஆறு வாரம் ஊசிதான்."

கிருமி வளர்ந்தது. சீழ்ப் புண்ணில் வழக்கமாக வரும் ஸ்டஃபைலோகாக்கஸ். மறுநாள் மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் எல்லாம் வரும், ஊருக்கே விடுமுறை. எல்லாரும் சீக்கிரம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அவசரத்தில் அட்டையைத் தேடவில்லை. டப்பாவில் கைக்கு வந்த வரிசையில் டிஸ்க்குகளை வைத்துவிட்டேன். எரித்ரோமைசினும் கிளின்டாமைசினும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன.

மாசி மகத்தன்று காலை ஆய்வகத்தில் நான் ஒருவன்தான். தனியாகப் படிக்கக் கூடாது, ஆனால் கூட யாருமில்லை. பிளேட்டைக் கறுப்புத் துணிமேல் கவிழ்த்தேன். எரித்ரோமைசினுக்கு வட்டமே இல்லை, கிருமி டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டு வளர்ந்திருந்தது. கிளின்டாமைசினுக்குப் பெரிய வட்டம். ஆனால் வட்டம் வட்டமாக இல்லை. எரித்ரோமைசின் இருந்த பக்கம் மட்டும், யாரோ கத்தியால் சீவிவிட்ட மாதிரி தட்டையாக இருந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கலியபெருமாள் பிளேட்டா இது? பஞ்சுக் குச்சி அந்த இடத்தில் தடிப்பாகப் பூசிவிட்டது, அவசரத்தில் வந்த வினை என்று முடிவு கட்டினேன். ஆனாலும் பழக்கதோஷம், நோட்டில் ஸ்டாம்ப் குத்திப் பார்த்ததைப் பார்த்தபடியே வரைந்தேன், தட்டையான பக்கத்தோடு. பக்கத்தில் எழுதினேன்: 'பிளேட் சரியில்லை. ரிப்பீட்.' குறுக்கே ஒரு கோடு போட்டேன். பிறகு அட்டையைத் தேடி எடுத்து, நிதானமாக, மூன்று திசையிலும் பூசி, எரித்ரோமைசினை ஒரு கோடியிலும் கிளின்டாமைசினை மறுகோடியிலும் வைத்தேன்.

மறுநாள் வட்டம் முழுநிலா மாதிரி வந்தது. வசந்தா எழுதினாள், நான் அளந்தேன். இருபத்துநாலு மில்லிமீட்டர். தாராளமாக S. மதாம் பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வொலா" என்று கையெழுத்துப் போட்டார். அஞ்சலாட்சி மாத்திரைகளோடு வீட்டுக்குப் போனாள். மாத்திரை முடிந்ததும் வரச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று வாரம் இருக்கும். மதாம் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, மதியம் எங்களையெல்லாம் செமினார் அறையில் உட்கார வைத்துப் படங்கள் காட்டினார். நாலாவதோ ஐந்தாவதோ படம். ஒரு பிளேட். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டிஸ்க். ஒன்றுக்கு வட்டம் இல்லை. இன்னொன்றின் வட்டம் ஒரு பக்கம் சீவிவிட்ட மாதிரி தட்டையாக இருந்தது.

"இது பிளேட்டோட குத்தம் இல்ல" என்றார் மதாம். "கிளின்டாமைசினத் தாங்கற சக்தி இந்தக் கிருமிகிட்ட ஒளிஞ்சிருக்கு. தனியா வெச்சா வெளிய காட்டாது. எரித்ரோமைசின் பக்கத்துல இருந்தாத்தான் முழிச்சுக்கும். பக்கத்து வீட்டு நாய் கொலச்சா நம்ம வீட்டு நாயும் எழுந்து கொலைக்குதுல்ல, அந்த மாதிரி. இப்படி வந்தா வட்டம் எத்தன பெருசா இருந்தாலும் R-னுதான் எழுதணும். இல்லன்னா மருந்து குடுக்கக் குடுக்க உள்ள கிருமி வளந்துக்கிட்டே போகும். இதுவரைக்கும் நாம இதத் தேடினதே இல்ல. இனிமே இந்த ரெண்டு டிஸ்க்கும் பக்கத்துலதான் இருக்கணும்."

எனக்கு மாசி மகத்துப் பிளேட் நினைவுக்கு வந்தது.

கூட்டம் முடிந்ததும் நேராக அலமாரிக்குப் போய் நோட்டை எடுத்தேன். மாசி மகம். என் கையால் வரைந்த தட்டை வட்டம். 'பிளேட் சரியில்லை.' கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? பிளேட் சரியாகத்தான் இருந்தது. கிருமி தன் குட்டை என் முன்னாலேயே உடைத்துவிட்டிருந்தது, நான்தான் அதை மறைத்து அழகாக ஒரு பொய்யைத் தயார் செய்து கொடுத்திருந்தேன். என் அட்டையின் புண்ணியத்தில் அதற்கு முன் எத்தனை பிளேட்டில் எத்தனை பேருக்கு இப்படி S எழுதினேனோ, அதற்குக் கணக்கே இல்லை.

அங்கிருந்து மதாம் அறை இருபதடி தூரம்தான். நோட்டை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் நோட்டை அலமாரியிலேயே வைத்துப் பூட்டினேன்.

முதல் நாள், 'இன்னும் ஒரு தடவை யோசித்துச் சொல்வோம்' என்று நினைத்தேன். அடுத்த நாள், 'மாத்திரை முடிந்ததும் எப்படியும் வருவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று. அதற்கடுத்த நாள், 'எல்லாருக்குமா மருந்து பொய்க்கும், இவளுக்குக் குணமாகியும் இருக்கலாம்' என்று. மனசு ஒரு நல்ல வக்கீல், ஃபீஸ் கேட்காமல் வாதாடும். உண்மை வேறு. மதாம் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், போகும் முன் ஆய்வகப் பொறுப்புக்கு என் பெயரை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய உண்மை, 'கலியபெருமாள் பிளேட்' என்று அவர் வாயால் சொன்னது அவர் மனசில் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தராசில் ஒரு பெண்ணின் கால் ஒரு தட்டில், என் பேர் மறு தட்டில். ஒன்பது நாள் என் தட்டுதான் கீழே இறங்கி நின்றது.

ஒன்பதாம் நாள் காலை பிளேட் படிக்கும்போது வசந்தா கூச்சல் போட்டாள். "அண்ணே, இங்க பாருங்க! மதாம் காட்டின மாதிரியே வந்துடுச்சு!" யாரோ ஒரு நோயாளி, முகம் தெரியாது. கிளின்டாமைசின் வட்டம் ஒரு பக்கம் தட்டை. எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். R என்று எழுதினார்கள். மதாமே வார்டுக்குப் போன் செய்தார். மதியத்துக்குள் அந்த ஆளுக்கு மருந்து மாறிவிட்டது. ஒரு மதியத்துக்குள்!

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போய் மதாமின் மேசைமேல் விரித்து வைத்தேன்.

படித்தார். தட்டை வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"செமினார் அன்னிக்கே மதாம்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ரிப்பீட் போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் கலியபெருமாள். அப்போ எனக்கும் தெரியாது. ரெண்டாவது பிளேட்டப் பாத்து நானும்தான் கையெழுத்துப் போட்டேன்." மீதியை அவர் சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கலாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தார். பிறகு, "அட்ரஸ் எடுத்துட்டு நீங்களே போங்க. கையோட கூட்டிட்டு வாங்க" என்றார்.

கடலூர் பஸ்ஸில் ஏறித் தவளக்குப்பத்தில் இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோ. தகரக் கொட்டகைகள் வரிசையாக வெயிலில் தகித்தன. நம்பரைக் கேட்டுக் கேட்டுப் போனேன். வாசலில் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள். மீன் அள்ளும் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காலை நீட்டியிருந்தாள். கணுக்கால்வரை வீங்கி, தோல் மினுமினுவென்று இருந்தது.

"வாங்க சார்! சீழு எடுத்த லேப்பு சாரு! இம்மாந்தூரம் வந்துகிறீங்க?"

"காலு எப்படிம்மா இருக்கு?"

"ஒரு வாரமா கொஞ்சம் வீக்கந்தான் சார். மாத்தரை முடிஞ்சா வத்திடும்னு கீறேன்." திரும்பி, கொட்டகை முளையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து என் முன்னால் கொட்டினாள். காலியான மாத்திரை அட்டைகள். "டாக்டரு கேட்டா காட்டணும்னு ஒண்ணுகூட எறியல. எண்ணிப் பாத்துக்கோங்க. ஒரு வேளகூட தப்பல சார்."

நான் அந்த அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். அவள் தப்பவில்லை.

அன்றே சேர்த்தோம். மதாம் தன் கையால் திருத்திய ரிப்போர்ட் எழுதினார். ஊசி ஆரம்பித்தார்கள், எலும்பைச் சுரண்டிப் பார்த்தார்கள், சீழ் நிற்கவில்லை. கணுக்கால் மூட்டுக்குள் போய்விட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அறுவை முடிந்து கை கழுவும்போது, வாசலில் காத்திருந்த என்னிடம் டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒரு வாரம், பத்து நாள் முன்ன வந்திருந்தா குதிகாலோட நிறுத்தப் பாத்திருக்கலாம். நிச்சயம் சொல்ல முடியாது. ஆனா பாத்திருக்கலாம்." அவருக்கு என் ஒன்பது நாள் தெரியாது. மதாம் யாரிடமும் சொல்லவில்லை.

பின்னால் ஒருநாள் வசந்தாவிடம் மட்டும் சொன்னேன். பிளேட் கதையை முழுக்கச் சொன்னேன், ஒன்பது நாளைச் சொல்லவில்லை. "யானைக்கும் அடி சறுக்கும் அண்ணே, விடுங்க" என்றாள். சறுக்கியது என் அடி, போனது அவள் கால்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதை மறைத்தால் மீதி எழுதியதற்கும் அர்த்தமில்லை. மதாம் ஓய்வு பெறும் முன்தினம் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் கடிதம் இருந்தது. "பேர அனுப்பட்டுமா வேணாமா? நீங்களே சொல்லுங்க" என்றார். 'வேண்டாம்' என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. "அனுப்புங்க மதாம்" என்றேன். அனுப்பினார். பொறுப்பில் இருந்த காலமெல்லாம் வட்டம் எந்தப் பக்கம் தட்டையாக இருந்தாலும் அதை எழுதாமல் விட்டதில்லை, பிள்ளைகளையும் விடவிட்டதில்லை. ஆறு புள்ளி குறித்த அந்த அட்டையை அன்றே கிழித்துப் போட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

இரண்டு வருஷம் கழித்துக் கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தவளக்குப்பம் சந்திப்பில் பஸ் மாற இறங்கினேன். மார்க்கெட் ஓரத்தில் சாக்கை விரித்து மீன் விற்பவர்கள் வரிசை. "சார்! லேப்பு சார்!" என்று சத்தம். அஞ்சலாட்சி. பக்கத்தில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்திருந்தாள். கூடை தூக்கிப் போக முடியாதல்லவா, உட்கார்ந்த இடத்தில் விற்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் என்னைக் காட்டினாள். "சொன்னேனே, இந்த சாருதான். பஸ்ஸு ஏறி, கொட்டாய் கொட்டாயா தேடிக்கினு வந்தாரு. நேரத்துக்கு வந்து இட்டுக்கினு போனாரு. இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா உசுரே போயிருக்கும்னாங்க. பெத்தவன்கூட இப்படி வரமாட்டான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் சங்கரா மீனில் நாலு பெரிதாகப் பொறுக்கி, செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டினாள். "காலைலதான் வந்துது. அம்மாகிட்ட குடுத்து கொழம்பு வெக்கச் சொல்லுங்க." வேண்டாம் என்றால் விடவில்லை. பையில் திணித்தாள். பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

வீட்டில் குழம்பு வைத்தார்கள். ருசியாகத்தான் இருந்தது. சாப்பிட்டேன்.

வசந்தா, இதை மலரில் போடு. ஸ்டாம்ப்பை எறிந்துவிடு, அந்த மாசி மகத்து நோட்டை மட்டும் எறியாதே. அஞ்சலாட்சி இன்னும் அதே சந்திப்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள், போன வாரம் பஸ்ஸில் போகும்போதுகூடப் பார்த்தேன். ஜன்னலோரம் இருந்தவன் தலையைத் திருப்பிக்கொண்டேன். மதாமிடம் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆனது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.